பேச்சிக்கு வாங்கிய மாலை

யாரையும் முகத்துக்கு நேரே புகழ்ந்துவிடக் கூடாது என்பது என் கட்சி. இன்றைக்குக் குழம்பு நன்றாயிருக்கிறது என்று சொல்லிப் பாருங்கள், நாளைக்கு உப்பை அள்ளிப் போட்டுவிடுவார்கள். இந்தக் கட்சிக்குத் தலைவியும் நான், தொண்டரும் நான். அப்பேர்ப்பட்ட கட்சியை என் வாயாலேயே நான் கவிழ்த்தேன், அதுவும் நடுத்தெருவில்.

நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து, செல்லூர் வீட்டுக்குத் திரும்பியிருந்த சமயம். படி ஏறாதீர்கள், பஸ் ஏறாதீர்கள், அதிர்ச்சியான செய்தி எதையும் கேட்காதீர்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். (அதிர்ச்சியான செய்தி கேட்காமல் செல்லூரில் எப்படிக் குடியிருப்பது என்று அவர் சொல்லவில்லை.) மருமகள் மல்லிகா என்னை வாசல்படி தாண்ட விடவில்லை.

எனக்குக் கூட்டாளிகள் இரண்டு பேர், பேச்சியும் சரசுவும். இளவயசில் மூவரும் ஒரே தறிச் செட்டில் வேலை பார்த்தோம். அந்த இரைச்சலில் கத்திக் கத்திப் பேசியே சிநேகிதமானவர்கள். பிறகு சரசு மகனோடு திருப்பூர் போய்விட்டாள். பேச்சி மேலூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போய் மாடும் ஆடும் வளர்த்தாள்.

அப்போதுதான் எல்லார் கைக்கும் செல்போன் வந்திருந்தது. தினமும் பேசக் கட்டுப்படியாகாது. அதனால், நான் படுக்கையில் விழுந்ததும் மூவரும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். காலையில் காப்பி குடித்ததும் ஆளுக்கு ஒரு மிஸ்டு கால். ஒரு மணி அடித்தால் ‘இருக்கேன்’ என்று அர்த்தம். யாரும் எடுத்துவிடக் கூடாது. (ரெண்டை அமுக்கினால் பேச்சி, மூன்றை அமுக்கினால் சரசு என்று என் மகன் வைத்துக் கொடுத்திருந்தான். இதற்குப் படிப்பு எதற்கு?)

மாத்திரை எனக்கு எவ்வளவு தெம்பு கொடுத்ததோ தெரியாது. அந்த ஒரு மணிச் சத்தம் கேட்டால்தான் எனக்குப் பொழுது விடியும்.

ஒருநாள் சரசுவின் மணி வந்தது. பேச்சியின் மணி வரவில்லை. சட்டத்தை மீறி சரசுவைக் கூப்பிட்டேன்.

“ஏடி, ஒனக்கு வந்துச்சா?”

“வரலயே! நான் போட்டா, போனு அமந்து கெடக்குன்னு ஒரு பொம்பள சொல்றா. அவ கொரலே சரியில்லடி.”

“பேச்சிக்குச் சக்கரை வேற இருக்கே!”

“போன வாரம் பேசுனப்பகூட தலை சுத்துதுன்னாளே!”

காப்பி ஆறுவதற்குள் இருவரும் சேர்ந்து பேச்சியைக் கொன்றுவிட்டோம்.

“நான் வந்து சேர சாயங்காலமாயிரும். நீயாச்சும் போயி மொகத்தப் பாருடி,” என்று சரசு அழுதாள்.

மல்லிகா ரேஷன் கடைக்குப் போன நேரம் பார்த்துக் கிளம்பினேன். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் நல்ல சம்பங்கி மாலையாக ஒன்று வாங்கி, மேலூர் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவள், “கல்யாணத்துக்கா ஆத்தா?” என்றாள். மாலையை முந்தானையால் மூடிக்கொண்டேன். போயிருக்க வேண்டியவள் நான். எனக்காகத் தினமும் மணி அடித்தவள் முந்திக்கொண்டாளே!

பேச்சியின் தெருவில் பந்தல் இல்லை, கொட்டுச் சத்தம் இல்லை. முதல் ஆளாக வந்துவிட்டோம் என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

எங்கள் பக்கம் துட்டி கேட்டு இழவு வீட்டுக்குப் போகிறவள் தெருமுனையிலேயே குரல் எடுக்க வேண்டும். வாசலுக்கு வந்து அழுதால் அது கணக்கில் சேராது. எடுத்தேன்.

“கருவாட்டுக் கொழம்பு கொதிச்சா ஊரே மணக்குமே, என் ராசாத்தி! ஒன் கைப்பக்குவம் இனி யாருக்கு வரும்!”

(அவள் உயிரோடு இருந்தவரை அந்தக் குழம்பைக் கழனித் தண்ணி என்றுதான் சொல்லி வந்தேன்.)

குழாயடியில் நின்ற பெண்கள் மாலையைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், குடங்களைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். பேச்சி வீட்டு வாசலில் வட்டமாக உட்கார்ந்து, தோளோடு தோள் கட்டி, தலையோடு தலை முட்டி அழுதோம். யார் செத்தது என்று அவர்களில் ஒருத்தியும் கேட்கவில்லை. அழுகிற வீட்டில் அதெல்லாம் அப்புறம்.

திடீரென்று புல்லுக்கட்டு ஒன்று தொப்பென்று விழுந்தது. “ஐயோ, என் வீட்டு வாசல்லயா!” என்று அலறிக்கொண்டு ஒருத்தி என் பக்கத்தில் தலையை நுழைத்தாள். நான் கண்ணைத் திறக்காமலே அவளையும் சேர்த்துக் கட்டிக்கொண்டேன். குழம்பு வரியை இன்னும் ஒருமுறை உருகிப் பாடினேன்.

“யாருடி போயிட்டா?” என்று விம்மலுக்கு நடுவே அந்தக் குரல் கேட்டது.

“நம்ம பேச்சிடி!”

கட்டியிருந்த கை சட்டென்று விட்டது.

“அடியே! பேச்சி நான்தாண்டி!”

கண்ணைத் திறந்தேன். அவளேதான். தலையில் புல், கையில் அருவாள். சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது கோபம்.

“அப்ப காலைல ஏண்டி மணி அடிக்கல?”

“போனு கழனித் தொட்டியில விழுந்துருச்சுடி!”

அதற்கப்புறம்தான் நான் அப்படியே சாய்ந்தேன். குழாயடிப் பெண்கள் திட்டிக்கொண்டே எனக்கு விசிறினார்கள். பேச்சி என் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். “நெஞ்சுவலிக்காரி, எனக்கு அழ வந்து நீ போயிருந்தா நான் என்னடி செய்வேன்?” என்றாள். அவள் கண்ணீர் என் நெற்றியில் விழுந்தது. நானும் அவள் கையை விடவில்லை. முந்தானையால் என் நெற்றியைத் துடைத்துவிட்டு, மெதுவாகக் கேட்டாள்.

“அந்தக் கொழம்பு சேதிய இன்னொரு வாட்டி சொல்லு.”

“எந்தக் கொழம்பு?”

“ஆத்தா, நாங்க அம்புட்டுப் பேரும் கேட்டோம்!” என்றார்கள் குழாயடிப் பெண்கள். மாலையை அதற்குள் ஆடு பாதி தின்றிருந்தது.

மத்தியானம் மகனும் மல்லிகாவும், சரசுவிடம் போனில் விசாரித்துக்கொண்டு, கார் பிடித்து வந்து திட்டினார்கள். சாயங்காலம் சரசு திருப்பூரிலிருந்து இன்னொரு மாலையோடு வந்து இறங்கினாள். வருஷக்கணக்காகப் பிரிந்து கிடந்த மூவரும் ஒரே பாயில் உட்கார்ந்தோம். கருவாட்டுக் குழம்பில் எனக்கு ஒரு விரல் நக்கத்தான் மல்லிகா அனுமதித்தாள். (உண்மையில், உப்பு ஜாஸ்தி.)

இன்றைக்கும் என் வீட்டில் நான் எதையாவது சாப்பிட்டுவிட்டு, வாய் தவறி, “நல்லாருக்கு” என்று சொன்னால் போதும். மல்லிகா கரண்டியைக் கீழே போட்டுவிட்டுத் தன் கையையே கிள்ளிப் பார்த்துக்கொள்கிறாள்.

“அத்தே, நான் இன்னும் இருக்கேன்ல?”