சுபேதார் வீட்டு இன்ஸ்பெக்‌ஷன்

“வியாழக்கிழமை காலையில வீட்டை இன்ஸ்பெக்‌ஷன் பண்ண ஆள் வர்றாங்க. நீங்க இருந்து பாத்துக்கோங்க” என்று சுந்தரி ஆஸ்பத்திரியிலிருந்து போனில் சொன்னதும், சோபாவில் சாய்ந்திருந்த தண்டபாணி விறைப்பாக எழுந்து நின்றார்.

“அது வந்துங்க, நான்தான்...”

“இன்ஸ்பெக்‌ஷன் பத்தி எனக்கே சொல்லித் தர்றியா? வை போனை.”

இந்திய ராணுவத்தில் சுபேதாராக ஓய்வு பெற்றவர். நர்ஸ் மனைவிக்குக் கிடைத்த விசாவில் நியூசிலாந்தின் ஆக்லாந்துக்கு வந்து, சமையல் பொறுப்பேற்று, அதட்ட ஒரு மேலதிகாரி இல்லாமல் வாடிப் போயிருந்தார். இப்போது உடம்பெல்லாம் புது ரத்தம் ஓடியது. கூடவே ஒரு பயமும். ஒடாஹுஹு பகுதியில் இந்த வாடகை வீடு கிடைப்பதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. இன்ஸ்பெக்‌ஷனில் தேறாவிட்டால் மகள் ஸ்ருதியோடு தெருவில்தான் நிற்க வேண்டும் என்று அவராகவே முடிவுகட்டிக்கொண்டார்.

வீட்டில் குறைக்குப் பஞ்சமில்லை. படுக்கையறைச் சுவரில் கறுப்பாகப் பூஞ்சை. ஹீட்டர் செத்து மாதக்கணக்காகிறது. மழை பெய்தால் ஹாலில் ஒழுகும். குளிரில் ஸ்ருதிக்கு இருமல் நின்றபாடில்லை. ஆனால் பட்டாளத்தில் பெரிய அதிகாரி வருகிறார் என்றால் குறையை யார் சொன்னார்கள்? சுண்ணாம்பு அடித்து மறைப்பார்கள்.

புதன்கிழமை சுந்தரி நைட் டியூட்டிக்குக் கிளம்பியதும், மனுகாவ் கடைத்தெருவுக்குப் போய் வெள்ளை பெயின்ட் வாங்கி வந்து பூஞ்சை மேல் பூசினார். அந்த இடம் பளிச்சென்று ஆனதும் மற்ற சுவரெல்லாம் அழுக்காகத் தெரிந்தது. நான்கு சுவருக்கும் அடித்தார்.

“டாட், ஐ கான்ட் ப்ரீத்” என்றாள் ஸ்ருதி.

அவர் ஜன்னலைத் திறந்தார். அது கையோடு வந்துவிட்டது. திரும்பப் பொருத்தி, இனி யாரும் திறக்க முடியாதபடி ஆணி அடித்தார்.

கூரை மேல் ஏறி ஓட்டையைப் பசை போட்டு அடைத்தார். ஹாலில் ஒழுகுவது நின்றது. சமையலறையில் ஆரம்பித்தது.

வியாழக்கிழமை நல்ல மழை. பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய இரண்டு ஹீட்டர்களை சோபாவுக்குப் பின்னால் ஒளித்து ஓடவிட்டு, பழைய பட்டாளத் தொப்பியை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார் தண்டபாணி.

வந்தவர் கிளறன்ஸ் என்ற யாழ்ப்பாணத்துக்காரர்.

“தமிழ் ஆக்களோ? நல்லதாப் போச்சு.”

“வாங்க சார். வீடு ரெடி.”

கிளறன்ஸ் படுக்கையறைச் சுவரை டார்ச் அடித்துப் பார்த்தார். “ஒரு கறையும் இல்லையே ஐயா.”

“எப்படி சார் இருக்கும்?”

ஹாலுக்கு வந்ததும் கோட்டைக் கழற்றினார். “உங்களுக்கு இஞ்ச குளிரேல்லையோ?”

“குளிரா? இந்த வீட்லயா?”

சமையலறைக்கு தண்டபாணி முந்திக்கொண்டு ஓடி, ஒழுகும் இடத்துக்கு நேர் கீழே அட்டென்ஷனில் நின்றார். முதல் சொட்டு தொப்பியில் விழுந்தது. அவர் அசையவில்லை.

“இருங்கோவன் ஐயா.”

“நிக்கிறது பழக்கம் சார்.”

“கூரை ஒழுகுதோ?”

“ஒரு சொட்டு கிடையாது.”

“உங்களுக்கு நல்லா வேர்க்குது.”

“வீடு அவ்வளவு கதகதப்பு சார்” என்றார், காதோரம் வழிந்ததைத் துடைக்காமல்.

கிளறன்ஸ் தலையைச் சொறிந்தார். “அப்ப வீடு பாஸ்.”

பதக்கம் வாங்கிய அன்றுகூட தண்டபாணிக்கு இப்படி நெஞ்சு விம்மியதில்லை. அந்த நேரம் பார்த்து டியூட்டி முடிந்து சுந்தரி அரக்கப் பரக்க உள்ளே வந்தாள்.

“சுந்தரி, ஒரு குறை இல்லாம பாஸ் பண்ணிட்டேன்.”

சுந்தரி வெள்ளைச் சுவரைப் பார்த்தாள். ஆணி அடித்த ஜன்னலைப் பார்த்தாள். கணவனின் தொப்பியில் சொட்டுவதைப் பார்த்துவிட்டுக் கிளறன்ஸிடம் திரும்பினாள்.

“வீடு பழுதெண்டு நீங்கள் குடுத்த முறைப்பாட்டைப் பாக்கத்தான் வந்தனான் அக்கா, ஓனரைக் கொண்டு எல்லாத்தையும் திருத்துவிச்சுத் தாறதுக்கு” என்றார் கிளறன்ஸ். “ஐயா அந்த மனுசனைத் தப்ப வைச்சுப் போட்டார்.”