நுவரெலியாவின் மஞ்சள் பூ

திருகோணமலை வெயிலிலே பிறந்து, அந்த வெயிலிலேயே காய்ந்து, ஆயுள் முழுக்கக் குளிரைப் பற்றியே பேசிய மனிதர் உலகத்தில் ஒருவர்தான். எழுபதுகளில் நாங்கள் வேலை பார்த்த துறைமுகக் கந்தோரில், குளிருக்குப் பேர்போன மலைநகரின் பெயரையே அவருக்கு வைத்திருந்தோம்: நுவரெலியா. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளம் கொடுக்கிறவருக்கு மட்டும் தெரியும்.

சித்திரை வெக்கையில் காற்றாடியும் நின்று நாங்கள் அவிந்துகொண்டிருப்போம். அவர் சேர்ட்டின் மேல்பொத்தானைப் பூட்டிக்கொண்டு தொடங்குவார்.

"கலியாணத்துக்கு முதல் நான் நில அளவைக்காரரோட நுவரெலியாவுக்கு அங்கால ஹோட்டன் சமவெளிக்குப் போனனான். ஆவணியில பூக்கும் பாருங்கோ, கண்ணுக்கெட்டின தூரம் மஞ்சள்! மூச்சு விட்டால் வாயில புகை வரும்."

கேட்டுக் கேட்டுக் காது புளித்தது. கடைசியில் ஓர் ஆவணியில் கந்தோர்ச் சுற்றுலாவை அங்கேயே வைத்தோம். ஆளின் புளுகைக் கையும் களவுமாகப் பிடிக்க வேறு வழியில்லை.

செய்தி கேட்டதும் அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. பிறகு பல்வலி. பிறகு ஒன்றுவிட்ட பெரியப்பாவுக்குச் சுகமில்லை. அவருடைய மனைவி றீற்றா அக்காதான் விடவில்லை.

"இவ்வளவு காலமும் கதையில காட்டின இடம். நானும் பார்க்கத்தானே வேணும்!"

மனிதர் அகப்பட்டுக்கொண்டார். கந்தோர் சிரித்தால்கூடப் பரவாயில்லை. றீற்றா அக்காவின் முகத்தில் எப்படி முழிப்பது?

வான் வண்டியால் இறங்கியதும், "அண்ணை, நீங்கள்தான் வழிகாட்டி. முன்னுக்கு நடவுங்கோ" என்றேன். இரண்டு கம்பளிச் சட்டை, கழுத்தில் மப்ளர், அதற்கு மேலே இழுவைப் படகுக்காரரிடம் வாங்கிய மழைக்கோட்டு. தலையணை நடந்த மாதிரி நடந்தார். பாதை இரண்டாகப் பிரிந்த இடத்தில் காற்றை மோந்து பார்த்து, எங்களை நேரே சேற்றுக்குள் கொண்டுபோய் இறக்கினார்.

"முந்தி இந்தச் சேறு இல்லை" என்றார்.

ஒருவழியாக மேடேறினோம். அம்மாடி, சரிவு முழுக்க நீலப் பூ! மருந்துக்குக்கூட மஞ்சள் இல்லை. எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தோம்.

"என்ன அண்ணை, மஞ்சள் எண்டியள்?"

"இந்த முறை நிறம் மாத்திப் பூத்திருக்கு."

புல்லில் விழுந்து விழுந்து சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. றீற்றா அக்காவின் பக்கம் பார்க்கவும் இல்லை.

அங்கேயிருந்த விடுதிக் காவலாளி தேத்தண்ணி கொண்டுவந்தார். மலையகத்துக்காரர். "ஐயா, இங்க மொத தடவையா வர்றீங்க?" என்று நேரே அவரிடமே கேட்டுவிட்டார்.

நுவரெலியா வாயைத் திறந்தார். புகைதான் வந்தது.

"எனக்குத்தான் முதல் தரம்" என்றார் றீற்றா அக்கா. "இவர் பழைய ஆள். அப்ப பூ மஞ்சள்."

சொல்லிவிட்டு அவருடைய மப்ளரை இழுத்துச் சரிசெய்தார். அதற்குப் பிறகு யாருக்குச் சிரிப்பு வரும்? "ஓம், ஓம், அப்ப மஞ்சள்தான்" என்று நாங்களும் சொன்னோம்.

திரும்பும்போது வண்டியில் அவர் நல்ல நித்திரை. றீற்றா அக்கா என் பக்கம் சாய்ந்தார்.

"தம்பி, பொம்பிளை பார்க்க வந்த அண்டைக்கும் இந்தக் கதைதான் சொன்னவர். என்ன கதைக்கிறதெண்டு தெரியேல்லை, பாவம். புளுகெண்டு எனக்கு அப்பவே விளங்கினது. அதுக்காகத்தான் கலியாணத்துக்கு ஓம் எண்டனான்."

நுவரெலியா இப்போது இல்லை. அந்த நீலச் சரிவை என் இரண்டு கண்ணாலும் பார்த்தவன் நான். ஆனாலும் அவரை நினைக்கும்போதெல்லாம், அங்கே மஞ்சள்தான் பூத்துக் கிடக்கிறது.