கோழிகளுக்கு நடந்த வெப்பத் தணிப்பு விழா

மனித குலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது. அப்புறம் சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதன்பின் நெடுங்காலம் சும்மா இருந்துவிட்டு, இரண்டாயிரத்து நான்காம் ஆண்டுப் பங்குனி மாதம், வேங்கிக்காலில் ஒரு லாட்ஜின் ஏசி ஹாலில், கோழிக்கு வியர்க்காது என்பதைக் கண்டுபிடித்தது. கண்டுபிடித்தவர் கறிக்கோழிக் கம்பெனி ஒன்றின் மண்டல மேலாளர் ராமகிருஷ்ணன்.

"கோழிக்கு வேர்க்காது. அதனால உடம்புல ஏறுன சூடு சுலபமா வெளிய போகாது. இதை முதல்ல நீங்க புரிஞ்சுக்கணும்" என்றார். எதிரே நாற்பது கோழிப் பண்ணைக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவது வரிசையில் பச்சையம்மாள். ஏழு வருஷமாகக் கோழி வளர்ப்பவள். எந்தக் கோழியும் அவள் முன்னால் முகம் துடைத்ததில்லை என்பதால் விஷயம் அவளுக்கும் ஒருவாறு தெரியும். இருந்தாலும் மனுஷர் இவ்வளவு சந்தோஷமாகச் சொல்கிறாரே என்று அவளும் கைதட்டினாள்.

கம்பெனிக்கும் பண்ணைக்காரர்களுக்கும் உள்ள உறவு மிகவும் புனிதமானது. குஞ்சு, தீனி, மருந்து மூன்றும் கம்பெனி தரும். ஷெட், தண்ணீர், தூக்கம் மூன்றும் பண்ணைக்காரர் தரவேண்டும். நாற்பத்திரண்டாம் நாள் லாரி வந்து கோழிகளை ஏற்றிக்கொண்டு போகும். இரண்டாயிரம் கோழியில் செத்தது நூறைத் தொட்டுவிட்டால், அந்த ஷெட்டில் மறுபடி குஞ்சு இறக்கமாட்டார்கள். பக்கத்து ஷெட் பரசுராமனுக்குப் போன கோடையில் நூற்றிரண்டு செத்தது. இப்போது அந்த ஷெட்டில் வைக்கோல் அடுக்கியிருக்கிறார். கேட்டால், "வைக்கோல் சாவாது பாரு" என்கிறார்.

கீழ்பென்னாத்தூர் தாண்டி பச்சையம்மாள் ஊர். தொடர்ந்து இரண்டு வருஷம் கடலை காய்ந்து மண்ணோடு மண்ணாகப் போன பிறகு, அவள் குடும்பம் தலை நிமிர்ந்தது இந்த ஷெட்டால்தான். அதில் வைக்கோல் அடுக்கும் காட்சி கனவில் வந்தால்கூட அவள் எழுந்து போய்க் கோழிகளைப் பார்த்துவிட்டுத்தான் படுப்பாள்.

இந்த முறை நாற்பத்திரண்டாம் நாள் சித்ரா பௌர்ணமியை ஒட்டி வந்து தொலைத்தது. மலையைச் சுற்ற லட்சக்கணக்கில் ஜனம் வரும், லாரி நகராது. கறி தின்கிறவர்களும் அந்த நாலு நாள் கறியை நினைக்கமாட்டார்கள். ஆகவே கம்பெனி கோழி பிடிப்பதைத் தள்ளிவைத்தது. கத்தியிலிருந்து கோழிகளை அண்ணாமலையார் காப்பாற்றினார். வெயிலிலிருந்து காப்பாற்றும் பொறுப்பைக் கம்பெனி ஏற்றது. இரண்டரைக் கிலோ கோழி, மேலே சிமெண்ட் ஷீட்டு, அதற்கும் மேலே கத்திரி வெயில்.

கம்பெனி அனுப்பியது 'சீதளாமிர்தம்' என்ற வெள்ளைத் தூள். வைட்டமின் சி, தாது உப்பு, இன்னும் என்னென்னவோ. உள்ளதைச் சொன்னால் அது நல்ல மருந்து. சூப்பர்வைசர் புகழேந்தி பத்துப் பதினைந்து பாக்கெட்டைக் கொண்டுவந்து கொடுத்து, "அக்கா, அட்டையில போட்டிருக்கிற மாதிரியே குடுங்க" என்றான்.

பச்சையம்மாள் அட்சரம் பிசகாமல் கொடுத்தாள். காலை ஐந்து மணிக்கே குளிர்ந்த தண்ணீரில் கலந்து வைத்தாள். பத்து மணிக்குத் தீனித் தட்டை மேலே தூக்கிக் கட்டினால், நாலு மணிக்குத்தான் இறக்குவாள். கூரைமேல் ஈரச்சாக்கு. உச்சி வெயிலில் ஷெட்டுக்குள் ஒரு ஈ காக்கை நுழையவிடமாட்டாள். புருஷன் முருகையன் பீடி பற்றவைக்க உள்ளே எட்டிப் பார்த்தாலே, "வெளிய போ, அதுங்க பயந்துக்கும்" என்பாள். முருகையன் ரோஷப்பட்டுக்கொண்டு அடி அண்ணாமலையில் நீர்மோர்ப் பந்தலுக்குச் சேவை செய்யப் போய்விட்டான்.

பதினோரு நாள். வெயில் நூற்றாறு, நூற்றேழு என்று போனது. ஒரு கோழி சாகவில்லை. குஞ்சாக இருந்தபோது செத்த அறுபத்தொன்றோடு கணக்கு அப்படியே நின்றது.

இப்படி ஒரு வெற்றி கிடைத்தால் கம்பெனி அதைச் சும்மா விடுமா? மேலாளர் உடனே 'வெப்பத் தணிப்பு விழா' ஒன்றுக்கு உத்தரவிட்டார். இடம் பச்சையம்மாள் ஷெட். நேரம் பிற்பகல் ஒரு மணி.

"காலையில வச்சுக்கலாமே சார்" என்று புகழேந்தி போனில் கெஞ்சிப் பார்த்தான்.

"காலையில வெப்பம் இருக்காதேப்பா. எதைத் தணிக்கிறது?" என்றார் மேலாளர்.

பன்னிரண்டரைக்கு இரண்டு ஜீப் வந்தது. பதினொரு பேர் இறங்கினார்கள். கூடவே இருபத்தைந்து அடி நீளத்துக்கு ஒரு ஃப்ளெக்ஸ் பேனரும் இறங்கியது. அப்போதுதான் நம் பக்கம் ஃப்ளெக்ஸ் வந்த புதிது. கல்யாணமோ கருமாதியோ, பேனர் இல்லாமல் நடந்தால் நடந்ததாகவே சேர்த்தி இல்லை. இந்தப் பேனரில் மேலாளர் கைகூப்பிச் சிரித்தார். பக்கத்தில் ஒரு கோழியும் கிட்டத்தட்ட அதே முகத்தோடு இருந்தது. 'வெப்பத்தை விரட்டுவோம்' என்று ஓரடி எழுத்து. அதை ரோட்டைப் பார்த்த மேற்குப் பக்கக் கம்பிவலையில் இழுத்துக் கட்டத் தொடங்கினார்கள்.

பச்சையம்மாள் ஓடிவந்தாள். "சார், காத்து அந்தப் பக்கமாத்தான் சார் வருது. பேனரைக் கெழக்குப் பக்கம் கட்டிக்கலாங்களா?"

"அந்தப் பக்கம் என்னம்மா இருக்கு?"

"கடலைக் கொல்லை சார்."

"கொல்லையில யாரு படிப்பாங்க?" என்றார் மேலாளர். பேனர் மேற்கிலேயே ஏறியது. விரட்டப்பட்ட வெப்பம் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே தங்கிவிட்டது.

அடுத்து போட்டோ. "தீனித் தட்டை இறக்குங்கம்மா. நான் மருந்தைத் தீனியில கலக்குற மாதிரி ஒண்ணு எடுக்கணும்."

"மத்தியானத்துல தீனி துன்னா உடம்புல சூடு இன்னும் ஜாஸ்தியாயிடும் சார். அட்டையிலயே போட்டிருக்குது."

"அட்டையில எழுதுனதே நான்தாம்மா" என்றார் மேலாளர் பெருந்தன்மையுடன்.

அதற்குமேல் அட்டையால் என்ன செய்யமுடியும்? தட்டுகள் இறங்கின. பதினொரு பேரும் ஷூக்காலோடு உள்ளே போனார்கள். பச்சையம்மாளின் பழைய புடவையைத் தவிர வேறெதையும் பார்த்தறியாத கோழிகள், பளீரென்ற வெள்ளைச் சட்டைகளையும் ஃபிளாஷ் வெளிச்சத்தையும் பார்த்து மூலைக்கு ஓடி ஒன்றன்மேல் ஒன்று ஏறின. கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்பார்கள். கோழி மிதித்துக் கோழி சாகுமா என்பதைப் பெரியவர்கள் சொல்லாமல் விட்டுப் போனார்கள். அந்தக் குறையை விழா தீர்த்துவைத்தது.

மேலாளர் உள்ளேயே நின்று சிற்றுரை ஆற்றினார். இரண்டாயிரம் கோழிக்குக் கொஞ்சம் குறைவு, அத்தனையும் இறக்கையைத் தூக்கிக்கொண்டு அலகைத் திறந்து இரைத்தன.

"பாருங்க, எப்படி வாயைத் திறந்து கேக்குதுங்க" என்றார். உதவி மேலாளர் இதைக் குறித்துக்கொண்டார்.

பச்சையம்மாளுக்கு ஷெட் முழுக்க வைக்கோல் அடுக்கியது போலவே கண்ணில் தெரிந்தது. எதிர்த்துப் பேசினால் குஞ்சு வராது, பேசாவிட்டால் கோழி இருக்காது. அவள் கதிர் அரிவாளை எடுத்துக்கொண்டு நேரே பேனரிடம் போய்க் கயிறுகளை அறுத்தாள். மேலாளரின் இருபத்தைந்து அடிச் சிரிப்பு மடிந்து மண்ணில் விழுந்தது.

"என்னம்மா இது?" மேலாளர் வெளியே ஓடிவந்தார்.

"உங்க மூஞ்சியிலயே வெயில் அடிச்சுதுங்க சார். வெளுத்துப் பூடும்னு மனசு கேக்கல."

மேலாளர் உருகிப்போனார். உச்சி வெயிலில் தன் முகத்தை நினைத்தவர்கள் அவர் வாழ்க்கையில் குறைவு. பேனரைச் சுருட்டச் சொன்னார். முருகையனின் மாமன் வீட்டில் சாப்பாடு தயார் என்று புகழேந்தி வாய்க்கு வந்ததைச் சொல்லி எல்லாரையும் ஜீப்பில் ஏற்றிவிட்டான். அப்படி ஒரு மாமனே கிடையாது என்பது அவர்களுக்கு வழியில் தெரிந்திருக்கும்.

அவனும் பச்சையம்மாளும் செத்ததை எண்ணிப் பார்த்தார்கள். முப்பத்தெட்டு. அறுபத்தொன்றும் முப்பத்தெட்டும் தொண்ணூற்றொன்பது. மூலையில் இன்னொன்று கழுத்தை நீட்டிப் படுத்துக் கிடந்தது.

"அக்கா, இதுவும் போச்சுன்னா நூறு" என்றான் புகழேந்தி.

"போவாது. தொட்டியக் கொண்டா."

கழுத்தை மட்டும் மேலே பிடித்துக்கொண்டு அந்தக் கோழியைத் தண்ணீரில் அமுக்கி வைத்தாள். அலகில் சொட்டுச் சொட்டாக மருந்துத் தண்ணீரை விட்டாள். "தோ பாரு, நீ நாளைக்கு லாரியில ஏறு, எங்கனாச்சும் போ. இங்க சாவாத. உனக்குப் புண்ணியமாப் பூடும்" என்று கோழியிடம் பேசினாள். கால் மணி நேரம் கழித்து அது உதறிக்கொண்டு எழுந்தது. தள்ளாடி நடந்து, புகழேந்தி தரையில் வைத்திருந்த இறப்புப் பதிவேட்டின்மேல் ஏறி எச்சமிட்டது. புகழேந்தி அதைத் துடைக்கவில்லை, சிரித்தான். பச்சையம்மாள் புடவைத் தலைப்பில் முகத்தைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள்.

பௌர்ணமி முடிந்து லாரி வந்து கோழிகள் போயின. அடுத்த வாரம் அதே வேங்கிக்கால் லாட்ஜில் பாராட்டுக் கூட்டம். 'கடும் வெப்பத்திலும் இறப்பு நூறைத் தொடவில்லை. சீதளாமிர்தத்துக்கும் வெப்பத் தணிப்பு விழாவுக்கும் கிடைத்த மகத்தான வெற்றி' என்று அறிக்கை வாசித்தார்கள். அடுத்த கோடையில் நாற்பது ஷெட்டிலும் இந்த விழாவை நடத்துவது, ஒவ்வொன்றுக்கும் மேலாளர் நேரில் எழுந்தருளுவது என்று தீர்மானம் நிறைவேறியது. நாற்பது பண்ணைக்காரர்களும் கைதட்டினார்கள். தட்டாவிட்டால் குஞ்சு வராது.

பச்சையம்மாளுக்குச் சால்வை போர்த்தி, குஞ்சு இறக்குவதற்கான சீட்டைக் கையில் கொடுத்தார் மேலாளர். "இந்த வெற்றி எப்படிக் கிடைச்சுதுன்னு ரெண்டு வார்த்தை சொல்லுங்கம்மா."

பச்சையம்மாள் முதலில் சீட்டை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு மைக்கைப் பிடித்தாள்.

"மருந்து நல்ல மருந்துங்க. அதைக் குறை சொன்னா நாக்கு அழுவிப் பூடும். பதினோரு நாள் குடுத்தேன், அந்த வெயில்லயும் ஒண்ணு சாவல. முப்பத்தெட்டும் செத்தது, சார் வந்து நின்ன அரை மணி நேரத்துலங்க. அடுத்த கோடைக்கு மருந்தை மட்டும் கீழ்பென்னாத்தூர் பஸ்ஸுல போட்டு அனுப்பிடுங்க சார். நீங்க ஏறாதீங்க."