எரிய மறுத்த ஏழாம் நம்பர்

தாம்பரத்தில் அந்த ஆண்டு கம்ப்யூட்டர்களுக்குச் செவ்வாய் தோஷம் பிடித்திருந்தது. கண்டுபிடித்தவர் ஏகநாத சுவாமிகள். அதற்கு முன்பு அவர் படப்பையில் மிக்ஸி ரிப்பேர் பார்த்தார். அது பூர்வாசிரமம், பேசக்கூடாது.

கம்ப்யூட்டர் பெட்டியின் முகப்பில் சிவப்பு விளக்கு எரிந்தால் அது செவ்வாய். கம்ப்யூட்டர் அடிக்கடி ஹேங் ஆவதும், பிரிண்டர் காகிதத்தைக் கடிப்பதும், மகனுக்கு அமெரிக்க விசா கிடைக்காததும் அதனால்தான். சிவப்பைப் பிடுங்கிவிட்டு மந்திரித்த நீல விளக்கைப் பொருத்தினால் தோஷம் விலகும். சேலையூரில் ஒரு வீட்டில் நீலம் எரிய மறுத்ததாம். மருமகளின் ராசிதான் காரணமாம். அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டுச் சாமி மறுபடி தொட்டதும் பளிச்சென்று எரிந்ததாம்.

இந்தச் செய்தி போதாதா? தனக்கோடியின் பிரௌசிங் சென்டருக்குச் சாமி வந்த அன்று வாசலில் ஒரே கூட்டம். ஆளுக்கொரு சி.பி.யு.வைக் கைப்பிள்ளை போல மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். காட்டாங்குளத்தூரில் மின்னியல் படிக்கும் நான்கு மாணவர்களும் வரிசையில் இருந்தார்கள். படிப்பு வேறு, நம்பிக்கை வேறு அல்லவா!

காந்திமதி எலுமிச்சம்பழம் நறுக்கிக்கொண்டிருந்தாள். மூன்று ஆண்டுகளாக அந்தக் கடையில் டைப் அடிப்பவள். கணவன் இறந்த பிறகு அவளுக்கும் மகளுக்கும் சோறு போடுவது இந்த வேலைதான்.

கடைப் பெட்டிகளுக்கு முதல் பூஜை. ஆறு பெட்டிகளில் நீலம் எரிந்தது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. ஏழாவது எரியவில்லை.

சாமி கண்ணை மூடினார். "இந்த மிசின்ல யார் குந்தறது?"

"காந்திமதிதான் சாமி," என்றார் தனக்கோடி.

சாமி கண்ணைத் திறந்து அவள் நெற்றியைப் பார்த்தார். பொட்டு இல்லை. ஞானதிருஷ்டிக்கு அது போதும். "புருசன் இல்லாத பொம்பள கை பட்ட மிசின். எப்டிப்பா எரியும்? இது கீற வரைக்கும் கடை உருப்படாது."

தனக்கோடி கெட்டவர் அல்லர். யோசிக்கத்தான் அவருக்கு நேரம் கிடைத்ததில்லை. "தப்பா நெனச்சிக்காதம்மா. நாளைலேர்ந்து வராத. எனக்கும் பொழப்பு கீதுல்ல?"

காந்திமதிக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. போன வருடம் இதே பெட்டியில் விளக்கு போனபோது, ரிச்சி தெருவில் புதிதாக வாங்கிவந்து மாற்றியவளே அவள்தான். முதலில் எரியவில்லை. ஒயர் முனையைத் திருப்பிச் செருகினாள், எரிந்தது. அந்த விளக்கில் மின்சாரம் ஒரு திசையில்தான் போகும். மாற்றிச் செருகினால் எரியாது, அவ்வளவுதான். அன்று அவள் ராசியை யாரும் விசாரிக்கவில்லை.

"போறேண்ணா. அதுக்கு முன்னாடி ஒரு தடவை தொட்டுப் பாத்துக்கறேன்."

"தொடாத!" என்று சாமி பதறினார்.

"எரியாத விளக்குதானே சாமி? இனிமே என்ன கெடப்போகுது?"

பெட்டியை அணைத்தாள். முனையைத் திருப்பிச் செருகினாள். போட்டாள். நீலம் எரிந்தது.

கூட்டம் வாயைப் பிளந்தது. "இப்ப உங்க கையால செருகுங்க சாமி. வெள்ளை ஒயர் இந்தப் பக்கம் வரணும்," என்று காந்திமதி முன்பு எரியாத பக்கத்தையே காட்டினாள்.

"அதெல்லாம் முடியாதும்மா."

"செருகுங்க சாமி!" என்றது கூட்டம். அதற்கு வேண்டியது இன்னொரு அற்புதம். சாமி வேறு வழியில்லாமல் செருகினார். எரியவில்லை. அவள் திருப்பிச் செருகினாள், எரிந்தது. மூன்று முறை இப்படியே நடந்தது.

"சாமி கை பட்டா எரிய மாட்டேங்குதே," என்றாள் காந்திமதி. "வீட்டுல உங்க சம்சாரம் நல்லாத்தானே இருக்காங்க?"

வரிசையில் முதல் சிரிப்பு எழுந்ததும் சாமிக்கு ஒரகடத்தில் அவசரப் பூஜை ஞாபகம் வந்துவிட்டது. மின்னியல் மாணவர்கள், இது தங்களுக்கு முன்பே தெரியும் என்றார்கள்.

தனக்கோடி தலையைச் சொறிந்தார். "நாளைக்கு வந்துடும்மா."

"இன்னிக்கே இருக்கேண்ணா," என்று தன் நாற்காலியில் உட்கார்ந்தாள் காந்திமதி.

சேலையூர் மருமகள் மட்டும் இன்னும் தாய்வீட்டில்தான் இருக்கிறாள். அவள் போன பிறகு ஒயரைத் திருப்பிச் செருகியது யார் என்று அந்த வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. நீங்களாவது கேளுங்கள்.