அரை டின் மண்

"பொத்திப் பிடிச்சா வலிக்குதா, விரிச்சா வலிக்குதா?"

"ரெண்டுக்கும் வலிக்குது சார்."

பள்ளிவாசல் பக்கத்து எஸ்டேட் டிஸ்பென்சரியில் கம்பவுண்டர் ராக்கப்பன், நல்லதம்பியின் முன்கையை அமுக்கிப் பார்த்தார். அமுக்கியதும் வலித்தது. அதையும் சீட்டில் எழுதிக்கொண்டார்.

மாசக் கடைசித் திங்களன்று, தேயிலைப் பெட்டி ஒன்றைத் துரை முன்னால் தோளுக்குத் தூக்கிக் காட்டுகிறவனுக்கு ஃபாக்டரியில் வேலை. தேயிலைச் செடிக்குப் பூச்சிமருந்தடித்து மருந்தடித்து இருமிக்கொண்டிருந்த நல்லதம்பிக்கு அந்த வேலை கிடைத்தே ஆகவேண்டும். அதற்காக, ஓர் இரும்புக் குழாயின் இரண்டு முனையிலும் வாய் குறுகின மண்ணெண்ணெய் டின்களைக் கட்டி, முக்கால் அளவு மண் போட்டுக் காலையும் மாலையும் தூக்கினான். இரண்டும் வாய்வரை நிறைந்தால் ஒரு தேயிலைப் பெட்டியின் எடை. அதைக் கடைசி நாளுக்கு என்று வைத்திருந்தான்.

"பாரம் ஜாஸ்தி. தினம் டின்னுக்கு ஒரு தேங்காச் சிரட்டை மண்ணைக் குறை" என்றார் ராக்கப்பன்.

குறைத்தான். பெண்டாட்டி மாரித்தாய்க்குத் தெரியாமல்தான். 'தினம் பாரத்தை ஏத்திக்கிட்டே போறேன்' என்று அவளிடம் பீற்றிவைத்திருந்தானே, பாவம். சாய்த்துக் கொட்டிய மண் டின்னடியிலேயே சிதறிக் கிடந்தது.

நான்காம் நாள் வலி முழங்கைக்கு ஏறியது.

"ரெண்டு சிரட்டையாக் குறை" என்று தைலம் கொடுத்தார் கம்பவுண்டர்.

ஒரு வாரத்தில் டீ கிளாஸையே இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியதாயிற்று.

"பாரம் குறையக் குறைய வலி கூடுதுன்னா, இது பாரத்தால வந்த வலி இல்லப்பா. நரம்புக் கோளாறு. பெரிய டாக்டருக்கு எழுதணும்."

"எழுதுனா?"

"வேலைக்கு லாயக்கில்லைன்னு சீட்டு வரும்."

நல்லதம்பி எழுந்து கும்பிட்டான். "திங்கக்கிழமை வரைக்கும் எழுதாதீங்க சார். உங்க காலைப் பிடிச்சுக் கேக்கேன்."

ராக்கப்பனுக்கும் மனசு கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தானே நல்லதம்பி குடியிருந்த லயத்து வீட்டுக்கு வந்தார்.

"எங்க, தூக்கிக் காட்டு."

நல்லதம்பி பல்லைக் கடித்துக்கொண்டு குழாயைத் தோள்வரை தூக்கி, இறக்கினான். கண்ணில் நீர் முட்டியது. வலியைவிட வெட்கம்தான் அதிகம்.

"பாத்தீங்களா சார்? அரை டின்கூட இருக்காது. இதுக்கே இந்தப் பாடு."

"பிடிக்கிற விதத்துலதான் தப்பு. இப்படிப் பிடிக்கணும்" என்று ராக்கப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக் குனிந்தார். குழாய் அசையவில்லை. இன்னொரு தரம் முக்கினார். இடுப்பில்தான் ஏதோ சத்தம் கேட்டது.

"அரை டின்னா இது?" என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

டீயோடு வந்த மாரித்தாய் அவரை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"அரை டின்னா எப்படி சார் இருக்கும்? டின்னுல எங்கயோ ஓட்டை, தெனமும் மண்ணு ஒழுகிக் கெடக்கு. இவரு பாரம் குறைஞ்சிரக் கூடாதுன்னு நான்தான் ஒண்ணு ஒழுகுனா ரெண்டு சிரட்டையா அள்ளிப் போட்டு, முந்தாநாளே வாய்வரைக்கும் ரொப்பிட்டேன்."