சாம்பிளின் வலது கன்னம்

பொய் சொல்லத் தெரியாத மெடிக்கல் ரெப் ஒருவர் இருந்தார் என்றால் எந்த டாக்டரும் நம்பமாட்டார். உலகத்திலேயே அப்படி ஒரே ஒருத்தர்தான் உண்டு. அவரும் மயிலாப்பூரில் எனக்குப் பக்கத்து அறையில்தான் குடியிருந்தார். தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு மாமி வீட்டு மாடியில் இரண்டு பிரம்மச்சாரிகள். ஒருவன் இன்ஷூரன்ஸ் ஆபீஸ் குமாஸ்தாவாகிய நான். இன்னொருவர் 'சாம்பிள்'.

அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதைச் சொன்னால் தெருவில் யாருக்கும் தெரியாது. "நான் போட்டுப் பாக்காததை விக்கமாட்டேன் மச்சி" என்பது அவர் கொள்கை. கம்பெனி கொடுக்கும் சாம்பிள் மருந்து எதுவானாலும் முதலில் அவர் உடம்புக்குள் போய்விட்டுத்தான் டாக்டர் மேஜைக்குப் போகும். பூச்சி மாத்திரை, இருமல் சிரப், சொறிக் களிம்பு எல்லாம் ஆயிற்று. கர்ப்பிணிகளுக்கான சத்து மாத்திரையை மூன்று மாதம் விழுங்கிவிட்டு, "நகம் என்னமா வளருது பாரு" என்று நீட்டினார். மூலத்துக்கான களிம்பு வந்த மாதம் மட்டும் நான் எதுவும் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

அப்போதுதான் அவர் கம்பெனி வெளிநாட்டிலிருந்து இரண்டு அழகு ஊசிகளைத் தருவித்தது. சிரிக்கும்போது மூக்கோரத்திலிருந்து வாயோரம்வரை ஒரு கோடு இறங்குகிறதல்லவா, அதற்கு அடியில் இந்த மருந்தைப் போட்டால் பள்ளம் மேடாகி, கோடு மறைந்துவிடுமாம். ஃபில்லர் என்று பெயர். ஒன்று மாட்டுத் தோலிலிருந்து எடுத்தது, இன்னொன்று சேவல் கொண்டையிலிருந்து எடுத்தது. இரண்டையும் குளிரிலேயே வைத்திருக்க வேண்டும். எங்களிடம் குளிர் கிடையாது. மாமியிடம் ஃப்ரிட்ஜ் இருந்தது.

மூன்றாம் நாள் மாமி மாடிப்படி அடியிலிருந்து குரல் கொடுத்தார்.

"ஏண்டாப்பா, தயிர்ப் பாத்திரத்துக்குப் பின்னாடி ஏதோ டப்பா வச்சிருக்கியே, அது என்னது?"

வேறு எவனாக இருந்தாலும் 'கண் மருந்து மாமி' என்று சொல்லித் தப்பித்திருப்பான். சாம்பிள் படியிறங்கிப் போய் விளக்கமாகச் சொன்னார். எந்தப் பிராணி, எந்தப் பாகம் என்பது உட்பட.

அன்றைக்கு அந்த ஃப்ரிட்ஜைக் கழுவிய தண்ணீரில் ஒரு நடுத்தரமான கோயில் குளத்தை நிரப்பியிருக்கலாம். ஊசிகள் தெருமுனை ஐஸ்கிரீம் கடைக்குக் குடிபெயர்ந்தன. அங்கேயும் அவர் உண்மையைச் சொல்லிவிடப் போகிறாரே என்று, கடைக்காரரிடம் நான்தான் பேசினேன்.

தி.நகரில் ஒரு அழகு சிகிச்சை டாக்டர் இருந்தார். அவரிடம் போய் சாம்பிள் தன் முகத்தை ஒப்படைத்தார். முதலில் ஒவ்வாமை வருகிறதா என்று பார்க்க, முன்கையில் மாட்டு மருந்தை ஒரு சொட்டு போட்டு ஒரு மாதம் காத்திருந்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. பிறகு இரண்டு கன்னத்துக் கோடுகளிலும் அதைப் போட்டார்கள். சாம்பிள் பளபளவென்று திரும்பி வந்தார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். மூன்று வாரம் கழித்து, வலது பக்கம் மட்டும் அதே இடத்தில் சேவல் மருந்தையும் ஏற்றிக்கொண்டார்.

"ஒண்ணு மேல ஒண்ணு போடலாமா?" என்று கேட்டேன்.

"அடிக்கு ஒண்ணு, மேலுக்கு ஒண்ணு. செவுத்துக்குப் பட்டி பாத்துட்டு பெயின்ட் அடிக்கறதில்லையா? கம்பெனி பேப்பர்ல கூடாதுன்னு எங்க எழுதியிருக்கு?"

எழுதியிருக்கவில்லை. கூடும் என்றும் எழுதியிருக்கவில்லை.

நாலாம் நாள் வலது கன்னம் மாம்பழம்போல வழவழவென்றிருந்தது. தி.நகர் டாக்டரிடம் ஓடிப்போய்க் காட்டினார். டாக்டருக்குப் பரம சந்தோஷம். மகள் கல்யாணத்துக்கு அழகாக நிற்க வேண்டுமென்று அவரிடம் ஓர் அம்மாள் முதல் ஊசியான மாட்டு மருந்தை ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்தார். அவருக்கும் அதே இடத்தில் இரண்டாவதைப் போட்டுவிடலாம் என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலைக்கு நேரம் குறித்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாம்பிள் என் கதவைத் தட்டினார். திறந்தேன். இடது பக்கம் சாம்பிள். வலது பக்கம் யாரோ. கன்னம் பன்னாக உப்பி, சிவந்து, தொட்டால் சுட்டது. உள்ளே கல்லுக் கல்லாகக் கட்டிகள்.

"ஐயோ! வாங்க, டாக்டர்கிட்ட போகலாம்."

"போகணும். ஆனா எனக்கில்லை, அந்தம்மாவுக்கு. பத்து மணிக்கு ஊசி. டாக்டர் போனை எடுக்க மாட்டேங்கறாரு."

ஆட்டோ பிடித்தோம். டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு வண்டியை ஓரங்கட்டினார்.

"இன்னா சார் இது, யார்னா குத்திட்டானா? எந்த ஏரியான்னு சொல்லு நைனா, நான் வந்து கேக்கறேன்."

"யாரும் குத்தலைங்க. நானேதான் குத்திக்கினேன்" என்றார் சாம்பிள். டிரைவர் அதற்குப் பிறகு தி.நகர் வரும்வரை எந்தச் சிக்னலிலும் நிற்கவில்லை.

வரவேற்பில் இருந்த பெண் தடுப்பதற்குள் சாம்பிள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார். பின்னாலேயே நானும் போனேன். நாற்காலியில் அந்த அம்மாள் சாய்ந்திருந்தார். டாக்டர் கையில் ஊசி தயாராக இருந்தது.

"டாக்டர், ஊசியைக் கீழ வைங்க."

டாக்டர் நிமிர்ந்தார். கன்னத்தைப் பார்த்தார்.

"நீங்கதானேய்யா ஒண்ணும் ஆகலைன்னு வந்து காட்டினீங்க?"

"போன வாரம் ஆகலை. இந்த வாரம் ஆயிடுச்சு."

அந்த அம்மாள் தலையைத் திருப்பினார். அவர் போட்ட சத்தத்தில் வெளியே காத்திருந்தவர்களில் இரண்டு பேர் எழுந்து போய்விட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். "என் பொண்ணு கல்யாணத்துல நான் இந்த மாதிரியா நிக்கணும்?" என்று கேட்டுக்கொண்டே செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினார்.

"உங்க கம்பெனிக்கு எழுதறேன்!" என்று டாக்டர் கத்தினார்.

"எழுதுங்க டாக்டர். ரெண்டு மருந்துப் பேரையும் எழுதுங்க. சேத்துப் போட்டதையும் எழுதுங்க."

வெளியே வந்த பிறகுதான் மாடிப்படிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "வலிக்குது மச்சி" என்று முதல்முறையாகச் சொன்னார்.

அடையாறில் எனக்குத் தெரிந்த தோல் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"எந்த மருந்து பண்ணின வேலைன்னு தெரிஞ்சாதானே அதுக்குத் தக்க வைத்தியம் பண்ணலாம்? ரெண்டும் ஒரே இடத்துல கெடந்தா நான் யாரைப் பிடிக்கறது?"

"இடது கன்னம் நல்லாத்தானே இருக்கு?" என்றார் சாம்பிள். "அங்க மாடு மட்டும்தான். அப்ப தப்பு பண்ணது கோழிதான்."

"கோழி தனியா பண்ணிச்சா, மாட்டோட சேர்ந்து பண்ணிச்சா? கோழியை மட்டும் போட்ட கன்னம் எங்க?"

சாம்பிள் யோசித்தார்.

"மூணாவது கன்னம் இல்லையே டாக்டர்."

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு மாத்திரை எழுதினார். "பேப்பர்ல கூடாதுன்னு எழுதலைன்னா, நல்லதுன்னு அர்த்தமில்லை. யாரும் பண்ணிப் பாக்கலைன்னு அர்த்தம்" என்றார்.

பம்பாயிலிருந்து மேனேஜர் வந்தார். இரண்டு மாதம் சம்பளத்தோடு லீவு தருவதாகவும், அதுவரை இந்த முகத்தை எந்த டாக்டருக்கும் காட்டக்கூடாதென்றும் சொன்னார். மறுநாளே சாம்பிள் சவரம் செய்து, டை கட்டி, பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். பட்டியலில் இருந்த தோல் டாக்டர் ஒருவரையும் விடவில்லை. "என் கன்னம் வாயைவிட நல்லா பேசும் டாக்டர்" என்று வலது பக்கத்தைத் திருப்பிக் காட்டிவிட்டு, தேதிவாரியாக எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வந்தார். ஒரு மாதத்தில் வேலை போயிற்று. கட்டுத் துணியும் பஞ்சும் விற்கும் கம்பெனியில் சேர்ந்தார். அதையும் காலில் சுற்றிக்கொண்டு இரண்டு நாள் நடந்து பார்த்துவிட்டுத்தான் விற்றார்.

வீக்கம் வடிய ஏழெட்டு மாதம் ஆயிற்று. புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி மட்டும் தங்கிவிட்டது. பிறகு அவர் கொட்டிவாக்கம் பக்கம் வீடு மாற்றிப் போனார். எனக்கும் வெளியூருக்கு மாற்றலாகி, தொடர்பு விட்டுப்போயிற்று.

இப்போதும் எந்த டாக்டர் அறை வாசலிலாவது மருந்துப் பையோடு ஒருவர் காத்திருந்தால், நான் முதலில் பார்ப்பது அவருடைய வலது கன்னத்தைத்தான்.