கப்ளிங் பாய்

உலகத்தில் நடக்கும் கோளாறுகளுக்கெல்லாம் ஒரே காரணம்தான், அது தன் காரின் ஸ்டீயரிங்குக்கு அடியில் இருக்கிறது என்று சாதித்த ஒரே மனிதர் கப்ளிங் பாய்தான். அறுபதுகளில் நான் செஞ்சி தாலுகா ஆபீசில் குமாஸ்தா. அவர் பஸ் ஸ்டாண்டில் வாடகைக் கார் ஓட்டினார். அவருடைய நிஜப் பெயர் எனக்குக் கடைசிவரை தெரியாது.

அது பழைய சீமைக் கார். ஸ்டீயரிங் தண்டையும், கீழே சக்கரங்களைத் திருப்பும் பெட்டியையும் இணைப்பது ஒரு ரப்பர் வட்டு. அதுதான் கப்ளிங். அது தேய்ந்துபோனதால், பாய் திருப்பினால் கார் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் திரும்பும். அவலூர்பேட்டை ரோட்டில் அவர் வருவதைப் பார்த்தாலே பஸ் டிரைவர்கள் ஓரங்கட்டி நிறுத்தி, பீடி பற்றவைத்துக்கொள்வார்கள். ரோட்டின் இரண்டு ஓரங்களையும் ஒருமுறை விசாரித்துவிட்டு, சலாம் வைத்தபடி பாய் அவர்களைக் கடந்து போவார்.

ஒரு கல்யாணத்தில் பந்தலுக்கு முன்னால் நிறுத்த வேண்டிய காரை, மாப்பிள்ளையோடு பந்தலுக்குள்ளேயே கொண்டுபோய் நிறுத்தினார். பெண்ணின் அப்பா ஓடி வந்தார்.

"இன்னா பாய் இது?"

"நான் இன்னாங்க பண்றது? எல்லாம் கப்ளிங்."

டீ தளும்பிச் சட்டையில் கொட்டினாலும் கப்ளிங்தான். "டீக்கும் அதுக்கும் இன்னா பாய் சம்பந்தம்?" என்று கேட்டேன்.

"நாள் முச்சூடும் அதோட மல்லு கட்டினா கை ஓஞ்சி பூடுது சார்."

நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். அவரும் சிரிப்பார்.

மெக்கானிக் சண்முகம் மட்டும் சிரிக்கமாட்டான். அவன் மனைவியைப் பிரசவ வலியோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் பாய். "கொண்டாந்து வுடு பாய், அரை நாள் வேல, மாத்திக் குடுத்துடறேன்" என்று பார்க்கும்போதெல்லாம் சொல்வான்.

"பழகின வண்டிப்பா. மாத்தினா கோச்சிக்கும்" என்று நழுவிவிடுவார்.

ஒருநாள் ரேடியேட்டர் ஒழுகுகிறதென்று காரை ஷெட்டில் விட்டுவிட்டுத் திண்டிவனத்துக்கு பஸ் ஏறினார். சண்முகம் அதற்காகவே மெட்ராசிலிருந்து புது கப்ளிங் வரவழைத்து வைத்திருந்தான். போல்ட்டுகளைக் கழற்றி, நைந்துபோன பழைய வட்டை எடுத்துவிட்டுப் புதிதை மாட்டினான்.

"பாய் அசந்து பூடுவாரு பாருங்க சார்" என்று ஷெட்டுக்கு வந்திருந்த என்னிடம் சொன்னான்.

திரும்பி வந்த பாய்க்கு விஷயத்தைக் கேட்டதும் முகம் சுண்டிப்போயிற்று. சண்முகம் அவரை வலுவில் உட்கார வைத்து, தானும் பக்கத்தில் ஏறிக்கொண்டான். நான் பின்னால்.

கார் கிளம்பியது. பழையபடியே இடமும் வலமும் நெளிந்தது. சண்முகம் குனிந்து ஸ்டீயரிங் தண்டைப் பார்த்தான். பிறகு பாயின் கைகளைப் பார்த்தான். கோட்டை மலையோரத் திருப்பத்தில் கார் ரோட்டை விட்டு இறங்கி, ஒரு கடலைக் கொல்லையில் போய் நின்றது.

எஞ்சின் அணைந்த பிறகும் ஸ்டீயரிங்கின் மேல் அந்தக் கைகள் நடுங்கிக்கொண்டே இருந்தன.

"எவ்ளோ நாளா பாய்?" என்று சண்முகம் கேட்டான்.

"ரொம்ப நாளா. ஊட்டுக்கே தெரியாது. வண்டிமேல பழி போட்டுட்டு ஓட்டினு இருந்தேன். இத வுட்டா எனக்கு வேற இன்னா தெரியும்?"

சண்முகம் அழுதுவிட்டான். "பழசையே மாட்டிடட்டுமா பாய்?"

பாய் கைகளை ஸ்டீயரிங்கிலிருந்து எடுத்தார். "வேணாம்பா. ஏறுறவங்க புள்ளகுட்டிக்காரங்க" என்று சொல்லி, சாவியை உருவி அவன் கையில் வைத்தார்.

திரும்பும்போது சண்முகம் ஓட்டினான். பாய் பின்னால் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஊர் வரும்வரை விடவில்லை.

அதன்பிறகு அந்தக் காரை வேறொருவர் ஓட்டினார். நூல் பிடித்த மாதிரி நேராகப் போகும் என்று எல்லோரும் சொன்னார்கள். போயிருக்கும். மாற்றலாகி வரும்வரை நான் பஸ்ஸில்தான் போனேன். அவர் இல்லாத அந்தக் காரில் ஏற எனக்கு மனசு வரவில்லை.